மலையிலிருந்து வீட்டுக்கு... நாயோடு திரும்பும் நாளில்தான் கூடுதல் கவனம் தேவை!

ஆயுத பூஜை விடுமுறை முடிகிற நாளின் மாலையில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்திருக்கிறீர்களா? செங்கல்பட்டில் தொடங்கி பெருங்களத்தூர் வரை கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். மேலே கட்டிய சூட்கேஸ், பின் கண்ணாடியில் தொங்கும் ஈரத்துண்டு, தூங்கி வழியும் குழந்தைகள். இப்போதெல்லாம் அந்த வரிசையில் இன்னொரு காட்சியும் சகஜமாகிவிட்டது. பின் சீட்டு ஜன்னலோரம், நாக்கைத் தொங்கப் போட்டபடி ஒரு நாய்.

செல்ல நாயை வீட்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போக மனம் வராத குடும்பங்களுக்கு கார்தான் வசதி. ரயிலில் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஏசி முதல் வகுப்பில் கூபேயையோ கேபினையோ முழுசாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டில்தான் அதற்கு இடம். பஸ்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதனால்தான் கொடைக்கானல், ஏற்காடு, ஊட்டி என்று காரிலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

போகும்போது எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. தடுப்பூசி அட்டை, சாப்பாடு, போர்வை, பெல்ட் என்று பட்டியல் போட்டு எடுத்து வைக்கிறோம். நாயை அனுமதிக்கும் தங்குமிடமாகத் தேடிப் பிடிக்கிறோம். திரும்பும் நாளில்தான் அந்தப் பொறுமை காணாமல்போகிறது. நாளைக்கு ஆபீஸ், பிள்ளைகளுக்கு ஸ்கூல், டோல்கேட் கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று மனசு முன்னாலேயே ஓடுகிறது. நாயின் தேவைகள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: ‘வீட்டுக்குப் போயிட்டா சரியாயிடும்!’

சரியாகாமல் போகக்கூடிய விஷயங்கள் அந்த ஒரு நாளில் நிறைய இருக்கின்றன. கடந்த அக்டோபரில் கொடைக்கானலிலிருந்து குரோம்பேட்டைக்கு நாங்கள் திரும்பிய வழியையே வைத்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். காரில் அப்பா, அம்மா, தம்பி, நான். கூடவே இரண்டு பேர். 11 வயது நாட்டு நாய் கருப்பன், 2 வயது லாப்ரடார் லட்டு.

காலையில் வயிறு நிறைய வேண்டாம்

ஏழு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ‘பாவம், ரொம்ப தூரம் போகணும்’ என்று கிளம்பும்போது தட்டு நிறைய சாப்பாடு வைக்கத் தோன்றும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மனிதர்களைப் போலவே நாய்களுக்கும் வளைவுகளில் குமட்டும். குட்டிகளுக்கு இது இன்னும் அதிகம். காதின் உட்பகுதியில் உடலின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அவற்றுக்கு முழுசாக வளர்ந்திருக்காது என்பது ஒரு காரணம்.

புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். விடியற்காலையில் கிளம்புவதாக இருந்தால், முதல் நாள் இரவுச் சாப்பாடே போதும். தண்ணீர் மட்டும் அளவாகக் கொடுக்கலாம். வாயோரம் எச்சில் வடிவது, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, அடிக்கடி கொட்டாவி விடுவது எல்லாம் வாந்திக்கு முந்தைய அறிகுறிகள். அப்போது வண்டியை ஓரம் கட்டி, ஐந்து நிமிடம் இறக்கி நடக்க வைத்தாலே தெளியும். ஒவ்வொரு முறையும் வாந்தி எடுக்கும் நாய் என்றால் அதற்கென மாத்திரை இருக்கிறது. அதைப் பயணத்துக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் நமக்கு வைத்திருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

வண்டியை எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். வெள்ளி நீர்வீழ்ச்சி போன்ற இடங்களில் கூட்டத்துக்குச் சமமாகக் குரங்குகளும் இருக்கும். குரங்கைப் பார்த்த நாய் சும்மா இருக்காது, குரங்கும் சும்மா விடாது. ஆள் நடமாட்டம் குறைவான, வளைவில்லாத, அகலமான ஓரம்தான் நல்லது.

இறங்க இறங்க ஏறும் வெயில்

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபரில் பகலிலேயே அங்கு 17, 18 டிகிரிதான். அதே நாளில் திருச்சியில் 32, 33 டிகிரி அடிக்கும். வத்தலக்குண்டு வருவதற்குள் 1,700 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். மூன்று நாள் குளிரில் இருந்த நாய், ஒரே காலைப் பொழுதில் வெயிலுக்கு வந்துவிடுகிறது.

நாம் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவோம், வியர்க்கும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். மற்றபடி நாக்கை நீட்டி மூச்சிரைப்பது மட்டுமே அது தன் உடம்பைக் குளிர்விக்கும் வழி. பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள், குண்டான நாய்கள், வயதான நாய்கள் இதில் ரொம்பவே சிரமப்படும்.

அதனால் காமக்காப்பட்டி சோதனைச் சாவடி தாண்டியதுமே நாய்க்குப் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, ஏசி காற்று பின் சீட்டு வரை வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்துவிடுங்கள். முன்னால் நமக்குக் குளிரும், பின்னால் டிக்கி பக்கம் காற்றே போகாது. சில கார்களில் அப்படித்தான்.

ஊரிலிருந்து வாங்கி வந்த பை

கொடைக்கானல் என்றால் எதை வாங்கி வருவோம்? வீட்டுத் தயாரிப்பு சாக்லேட், மலைப்பூண்டு, பட்டர் ஃப்ரூட். வழியில் கண்ணில் பட்டால் இரண்டு கிலோ பன்னீர் திராட்சை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டுக்குத் தனி மரியாதை உண்டு.

இந்தப் பையை ஒருமுறை நாயின் பார்வையில் பாருங்கள். சாக்லேட்டில் இருக்கும் தியோபுரோமின் நாய்க்கு விஷம், டார்க் சாக்லேட்டில் அது இன்னும் அதிகம். பூண்டு, வெங்காயம் இரண்டும் நாயின் ரத்த சிவப்பணுக்களைச் சிதைப்பவை. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்துவிடும். எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது என்பதால், ஒன்றுகூடக் கொடுக்கக் கூடாது என்பதே பாதுகாப்பு. பட்டர் ஃப்ரூட்டின் கொட்டையை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். ஆசை ஆசையாக வாங்கிய நாலு பொருளும் நாய்க்கு ஆகாதவை!

எங்கள் காரில் அந்தப் பை அம்மாவின் காலடியில்தான் இருந்தது. லட்டு மூன்று முறை மூக்கை நீட்டியதும் அம்மா அதை முன் சீட்டுக்கு மாற்றிவிட்டார். மூடி போட்ட டப்பாவில் போட்டு, நாய்க்கு எட்டாத இடத்தில் வைப்பதுதான் சரி. தப்பித் தவறிச் சாப்பிட்டுவிட்டால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள். என்ன சாப்பிட்டது, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் மருத்துவருக்கு உடனே போனில் சொல்லிவிட்டு, அருகிலிருக்கும் ஊரில் காட்ட வேண்டும். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து.

சாப்பாட்டு நேரம்... யார் வெளியில் இருப்பது?

திருச்சி பைபாஸைத் தொட்டபோது மணி ஒன்று தாண்டிவிட்டது. எல்லோருக்கும் பசி. நிறுத்திய ஓட்டலில் நாய்க்கு அனுமதி இல்லை. இந்த இடத்தில் எல்லாக் குடும்பத்திலும் வரும் பேச்சு எங்கள் வீட்டிலும் வந்தது.

“பத்து நிமிஷம்தானே... கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி விட்டுட்டுப் போனா போதாதா?” என்றார் அப்பா.

“இலை போட்டு சாம்பார் வர்றதுக்கே பத்து நிமிஷம் ஆகும்பா” என்றான் தம்பி.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் நிறுத்திவைத்த காருக்குள் வெப்பம் எப்படி ஏறுகிறது என்று அளந்து, 2005-ல் ஒரு குழந்தைகள் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வெளியே எவ்வளவு வெப்பம் இருந்தாலும், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதிலும் 80 சதவிகிதம் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததால் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. திருச்சியின் 33 டிகிரியில் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி. அது 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும்.

அப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் எதுவும் சொல்லாமல் வண்டியை வேப்பமர நிழலுக்கு நகர்த்தினார். அம்மாவும் தம்பியும் முதலில் போய்ச் சாப்பிட்டார்கள். நானும் அப்பாவும் நிழலில் நாய்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிறகு நாங்கள் போனோம். மொத்தம் முக்கால் மணி நேரம் கூடுதலாக ஆனது. இரண்டு பந்தியாகச் சாப்பிடுங்கள், அல்லது பார்சல் வாங்கி நிழலில் சாப்பிடுங்கள். பழைய கட்டுச்சோறு பழக்கம் இதற்கு ரொம்பப் பொருத்தம்.

வெப்பம் தாக்கிவிட்டால் எப்படித் தெரியும்? விடாமல் மூச்சிரைக்கும், ஈறும் நாக்கும் அடர்சிவப்பாகும், எச்சில் கெட்டியாகும், நடை தள்ளாடும். முதல் வேலை, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறுவது. அதன் பிறகே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். ஈரத்துண்டால் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும்.

கதவைத் திறக்கும் முன்

திருச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக வருவது நேரான, வேகமான சாலை. நாய்கள் தொலைந்துபோவதற்கு இந்த மாதிரி சாலையோர நிறுத்தங்கள் போதும். காரணம் எளிமையானது. பல மணி நேரம் அடைந்து கிடந்த நாய், கதவு திறந்ததும் குதிக்கும். நாம் கால் மரத்து, தூக்கக் கலக்கத்தில் இருப்போம். பக்கத்திலேயே லாரிகள் பறக்கும். தாபா வாசலில் அந்த இடத்துக்குச் சொந்தக்கார தெருநாய்கள் நிற்கும்.

விதி ஒன்றே ஒன்றுதான். கயிற்றை மாட்டி, அதன் நுனியை ஒருவர் கையில் சுற்றிக்கொண்ட பிறகுதான் கதவு திறக்க வேண்டும். ‘நம்ம நாய் எங்கேயும் போகாது’ என்பது நம் தெருவில் மட்டும் உண்மை. கழுத்துப் பட்டையில் உங்கள் செல்போன் எண் இருக்கட்டும். மைக்ரோசிப் போட்டிருந்தால் இன்னும் நல்லது. அரிசி அளவுள்ள அந்தச் சில்லில் ஒரு 15 இலக்க எண் இருக்கும். ஆனால், அது இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி அல்ல. நாயைக் கண்டெடுத்தவர் மருத்துவரிடம் கொண்டுபோய் ஸ்கேன் செய்தால்தான் பயன்.

ஓடும் காருக்குள்ளும் நாய்க்குக் கட்டு வேண்டும். கழுத்தில் அல்ல, நெஞ்சைச் சுற்றி வரும் ஹார்னஸில் மாட்டி, அதை சீட் பெல்ட்டோடு இணைக்க வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், கட்டப்படாத 20 கிலோ நாய் கிட்டத்தட்ட 280 கிலோ எடையின் விசையோடு முன்னால் பாயும். நாய்க்கும் ஆபத்து, முன்னால் இருப்பவருக்கும் ஆபத்து. மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்வது இன்னும் மோசம். ஏர்பேக் விரிந்தால் இடையில் மாட்டுவது நாய்தான்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தினோம். லட்டு குதித்து இறங்குவான். கருப்பனுக்கு மூட்டு வலி. வயிற்றுக்குக் கீழே ஒரு துண்டைக் கொடுத்து, தம்பி தூக்கி இறக்குவான். வயதான நாய் ஒரே இடத்தில் மடங்கிக் கிடந்தால் கால்கள் விறைத்துப்போகும். பத்து நிமிட நடை, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் அதற்குத் தேவை. “அவன் இன்னொரு தடவை மலை ஏறுவானான்னு தெரியல. நிதானமாப் போவோம்” என்று அம்மா சொன்ன பிறகு, அப்பா கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

கடைசிக் கட்டம்

செங்கல்பட்டு வரும்போது இருட்டிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. வடகிழக்குப் பருவமழை தலைகாட்டும் நேரம் அது. இடி இடித்தால் நடுங்கும் நாயைத் திட்டாதீர்கள். கண்ணாடியை ஏற்றி, பாட்டை மெதுவாக ஓடவிட்டு, பழகிய போர்வையைப் பக்கத்தில் போடுங்கள். போக்குவரத்தில் நிற்கும்போது ‘ஓரமா இறக்கி விடுவோம்’ என்று நடுரோட்டில் கதவைத் திறக்காதீர்கள். கூட்டத்துக்குள் நுழையும் முன்பே, திண்டிவனம் பக்கத்தில் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் முடித்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை.

வழியில் தேங்கிய மழைத் தண்ணீரைக் குடிக்க விடுவதும் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். அது நாயிடமிருந்து மனிதர்களுக்கும் பரவக்கூடியது. இதற்கான தடுப்பூசியை வருடம் ஒருமுறை போட வேண்டும்.

வாசலிலேயே ஒரு சோதனை

வீடு வந்ததும் எல்லோரும் உள்ளே ஓடிவிடுவோம். நாயும் நேராகப் போய் சோபாவில் விழும். அதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் காது மடலுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், தொடை இடுக்கில், வாலுக்கு அடியில், கால் விரல் இடுக்குகளில் விரலால் தடவிப் பாருங்கள். மிளகு அளவில் ஏதாவது தட்டுப்பட்டால் அது உண்ணியாக இருக்கலாம்.

உண்ணியைத் தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், கற்பூரம், தீக்குச்சி எதுவும் வேண்டாம். வெறும் விரலால் நசுக்கவும் கூடாது. வீட்டுக்குள் விழுந்துவிட்டால் சுவர் விரிசலில் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

கருப்பனின் பின்னங்கால் விரல் இடுக்கில் ஒன்று இருந்தது. அம்மா அதை எடுத்துவிட்டு, தினசரி காலண்டரின் ஓரத்தில் ‘கருப்பன் - உண்ணி’ என்று எழுதினார்.

அடுத்த மூன்று வாரம்

அந்த இரண்டு வார்த்தைகள்தான் பிறகு உதவின. பன்னிரண்டாம் நாள் கருப்பன் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாளும் அப்படியே. தெருவில் அப்போது பட்டாசுச் சத்தம் ஆரம்பித்திருந்தது. “வெடிக்குப் பயந்துருப்பான். வயசும் ஆச்சுல்ல” என்றார் அப்பா. அம்மா காலண்டரைக் காட்டினார். மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொன்னதும், உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தட்டணுக்கள் குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல். நான்கு வாரம் மாத்திரை சாப்பிட்டான். இப்போது பழையபடி பால்காரரைப் பார்த்துக் குரைக்கிறான்.

நாய்களுக்கு உண்ணி மூலம் வரும் எர்லிச்சியா என்ற கிருமி, கடித்த அன்றே அறிகுறி காட்டாது. பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துதான் காய்ச்சல், சோர்வு, பசியின்மை, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் என்று வெளியே தெரியும். நேரத்தோடு கண்டுபிடித்தால் மருந்தால் குணமாகும். விட்டால், உடம்புக்குள்ளேயே பல மாதம் பதுங்கியிருந்து எலும்பு மஜ்ஜை வரை பாதிக்கும். பபேசியா என்ற இன்னொரு உண்ணி நோயில் சிறுநீர் காபி நிறத்தில் போகும், ஈறுகள் வெளுக்கும்.

விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் நடுவே சுமார் இருபது நாள். உண்ணிக் காய்ச்சல் வெளியே வரும் காலமும் கிட்டத்தட்ட அதே இருபது நாள்தான். நாய் மூலையில் முடங்கினால் பட்டாசுப் பயம் என்றே எல்லோருக்கும் தோன்றும். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. சத்தத்துக்குப் பயந்த நாய், சத்தம் ஓய்ந்ததும் பொதுவாகச் சாப்பிடும், வாலாட்டும். சத்தமே இல்லாத காலை நேரத்திலும் சாப்பிடாமல் படுத்திருந்தால், அதை மருத்துவர் பார்க்க வேண்டும். போகும்போது மலைக்குப் போய் வந்ததையும், எந்தத் தேதி என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

இந்த விடுமுறைக்கு நாயோடு போய் வருபவர்கள், வீடு திரும்பிய தேதியிலிருந்து 21 நாள்களைக் காலண்டரில் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை தினமும் ஒரு நிமிடம் காதையும் கால் விரல்களையும் தடவிப் பாருங்கள். எப்படியும் காதைச் சொறிந்துவிடச் சொல்லி அதுவே உங்களிடம் வந்து நிற்கும்!